சிவப்பு ஜெயிக்கும், வெள்ளை ஜெயிக்கும்

பத்து வருடத்தில் முதல் தடவையாக அவளுக்கு நரம்பு தப்பியது.

ரத்தப் பரிசோதனை நிலையத்தின் மூன்றாவது நாற்காலியில் கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்த பெரியவர், ஊசியைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்தார். வலிக்காமல் குத்துவாள் என்பதால் இங்கே வருகிற எல்லோருக்கும் அவள் ஊசி அக்கா. எண்பது வயதுக்காரர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மன்னிப்புக் கேட்டுவிட்டு, பஞ்சை வைத்து அழுத்தி, அடுத்த கையில் எடுத்தாள். குழாயில் பெயர்ச்சீட்டை ஒட்டும்போது சீட்டு கோணலாக ஒட்டிக்கொண்டது.

போன புதன்கிழமை கணவன் குளித்துக்கொண்டிருந்தபோது அவனுடைய போனை எடுத்தது அவள்தான். மறுமுனையில் ஒரு ஆண் குரல், ரொம்ப மரியாதையாக, சார் சொன்ன தேதி தாண்டிவிட்டது என்றது. யார் பேசுவது என்று கேட்டதற்கு 'கோச்' என்று ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிட்டது. லிஃப்ட் மெக்கானிக்குக்கு எதற்குக் கோச்? தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவன், கம்பெனியில் பயிற்சி கொடுக்கிற ஆள் என்று சமாளித்தான். அன்றிலிருந்து தட்டில் கை வைத்த கையோடு எழுந்துபோகிறான். தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறான். அவள் துருவிக் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்று பயந்தாள்.

இன்று காலை பதினொன்றரைக்கு அந்தப் பதில் அவளுடைய போனுக்கே வந்துவிட்டது.

ஒரு படம். அவர்கள் வீட்டு வாசல். பள்ளிச் சீருடையில், கேட்டைப் பிடித்துக்கொண்டு அவர்கள் மகள் குட்டி நிற்கிறாள். கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறாள். கீழே நான்கு வரி. உங்கள் வீட்டுக்காரர் விலைக்கு வாங்கியது சட்டவிரோதமான தகவல். அவருடைய அடையாள அட்டை எங்களிடம் இருக்கிறது. இன்றைய ஆட்டம் ஏழு மணிக்கு. ஆறுக்குள் பாக்கி வரவில்லை என்றால் போலீஸ் வரும், அதற்கு முன்னால் நாங்கள் வருவோம்.

அவள் முதலில் பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்தாள். எழுத்தர் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வரும்வரை, காதில் ஒட்டிய போனோடு மருந்துக் குளிர்பெட்டியில் சாய்ந்து நின்றாள். குழந்தை ஓவிய வகுப்பில் இருக்கிறாள் என்று பதில் வந்தது. அம்மா வராமல் யாரோடும் அனுப்பக் கூடாது, எவ்வளவு நேரமானாலும் சரி என்று இரண்டு தடவை சொன்னாள். பிறகு வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கணவன் வேலை பார்க்கும் கட்டடத்துக்குக் கிளம்பினாள்.

பன்னிரண்டு மாடி. லிஃப்ட் ரிப்பேர் என்பதால்தான் அவன் அங்கே இருந்தான். அதனாலேயே அவள் படியேற வேண்டியிருந்தது. வேறொரு நாளாக இருந்தால் இதைச் சொல்லிச் சொல்லியே ஒரு வாரம் அவனை ஓட்டியிருப்பாள். எட்டாவது மாடியில் கால் பின்னியது. பதினோராவது மாடியில் லிஃப்ட் கதவு திறந்திருந்தது. குறுக்கே மஞ்சள் பட்டை கட்டியிருந்தார்கள்.

எட்டிப் பார்த்தாள். இரண்டடி கீழே லிஃப்ட் கூண்டின் கூரை மேல் அவன் நின்றுகொண்டிருந்தான். சுற்றிலும் இருட்டுக் குழி. கூண்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் நழுவ இடம் இருந்தது. இடுப்பில் பாதுகாப்பு பெல்ட் இருந்தது, அதன் கொக்கி எதிலும் மாட்டாமல் தொங்கியது. ஒரு கையால் கம்பி வடத்தைப் பிடித்திருந்தான். இன்னொரு கையில் போன். அந்த வெளிச்சத்தில் அவன் முகம் அவளுக்குத் தெரியாத யாருடைய முகமோ போல இருந்தது.

இந்த மனிதன் ஒரு வேலைக்கும் கொக்கி மாட்டாமல் இறங்கியதில்லை. வீட்டில் பல்பு மாற்றக்கூட நாற்காலியை இரண்டு தடவை ஆட்டிப் பார்ப்பவன்.

கூப்பிட்டால் திடுக்கிட்டுவிடுவானோ என்று அவள் தயங்கினாள். ஊசிக்குப் பயப்படும் குழந்தைகளிடம் பேசும் குரலை வரவழைத்துக்கொண்டாள்.

"என்னங்க, நான்தான். போனை பாக்கெட்ல வையுங்க. வச்சுட்டு, மெதுவா மேல வாங்க."

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் கையில் இருந்த போனைப் பார்த்தான். அதிலேயே எல்லாம் புரிந்துவிட்டது போல, "உனக்கும் அனுப்பிட்டாங்களா?" என்றான்.

"அனுப்பட்டும். நீங்க வாங்க."

மேலே வந்ததும் அவன் படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்தான். அவள் அவன் பெல்ட்டைப் பிடித்த கையை விடவே இல்லை.

எல்லாவற்றையும் சொன்னான். இரண்டு மாதத்துக்கு முன் தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. இன்றைய கூடைப்பந்து ஆட்டத்தில் நீலச் சட்டை அணி ஜெயிக்கும், அணிக்குள் இருந்தே வந்த தகவல், காசு வேண்டாம், சும்மா பாருங்கள் என்று. பார்த்தான். ஜெயித்தது. அடுத்த வாரமும் சொன்னது நடந்தது. மூன்றாவது, நான்காவது. ஐந்தாவது ஆட்டத்துக்குக் கொஞ்சம் பந்தயம் கட்டிப் பார்த்தான், கிடைத்தது. ஆறாவதற்கும் கிடைத்தது. ஏழாவது பெரிய ஆட்டம், வீரர்களிடமே பேசி முடிவு செய்தாகிவிட்டது, இனி இலவசம் கிடையாது என்று கோச் போனில் பேசினான். அடையாள அட்டையையும் அவளுடைய எண்ணையும் கேட்டான், அனுப்பினான். ஒரு மாதச் சம்பளத்தை முன்பணமாகக் கேட்டான், அதையும் அனுப்பினான். மீதிக்கு வழி இல்லை, வேண்டாம், விட்டுவிடுங்கள் என்று சொன்ன அன்றிலிருந்து அந்தக் குரல் மாறிவிட்டது. ஆட்ட முடிவை விலைக்கு வாங்கியவனும் குற்றவாளிதான், ஏழு வருடம் உள்ளே இருக்க வேண்டும் என்றது.

"நான் யாருக்கும் ஒரு கெடுதலும் நினைக்கல," என்றான். "குட்டிக்கு ஒரு தனி ரூம் கட்டலாம்னு பாத்தேன்."

அவளுக்கு ஆத்திரம் வந்தது. அதைக் காட்ட இது நேரமில்லை என்று விழுங்கிக்கொண்டாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. யாரு ஜெயிப்பாங்கன்னு நிச்சயமாத் தெரிஞ்சவன், தானே கட்டிச் சம்பாதிச்சுட்டுப் போக வேண்டியதுதானே? உங்க மாசச் சம்பளம் அவனுக்கு எதுக்கு?"

இரண்டு மாதமாக அந்தக் கேள்வி தனக்குத் தோன்றவே இல்லை என்பது அவன் முகத்தில் எழுதியிருந்தது. பிறகு அந்தப் படத்தைக் காட்டினான். வாசல் வரைக்கும் வந்திருக்கிறார்களே, குழந்தை வரைக்கும் வந்திருக்கிறார்களே என்றான்.

காலையிலிருந்து அவள் அந்தப் படத்தைப் பார்க்கப் பயந்து கவிழ்த்தே வைத்திருந்தாள். இப்போதுதான் சரியாகப் பார்த்தாள். விரலால் பெரிதாக்கினாள். குட்டியின் சிரிப்பில் முன்பல் இரண்டும் இல்லை.

"இது போன வருஷம். பல்லு முளைச்சு எவ்வளவு நாளாச்சு. பள்ளிக்கூடம் திறந்த அன்னிக்கு நீங்க எடுத்து, ஊருக்கே காட்டணும்னு போட்ட படம்."

அவன் போனை வாங்கி நெருக்கமாக வைத்துப் பார்த்தான். அவனே எடுத்து, அவனே இணையத்தில் போட்ட படம்தான். யாரும் வாசலுக்கு வரவில்லை. எங்கோ உட்கார்ந்துகொண்டு அவனுடைய பொருளையே எடுத்து அவனை அடிக்கிறார்கள்.

அவளுக்கு உயிர் கொஞ்சம் திரும்பி வந்த மாதிரி இருந்தது. அவனோ இன்னும் தலையைக் குனிந்தபடியே இருந்தான். இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

முதல் ஆட்டம் முடிந்ததும், நம்பிக்கையான ஒருவர் எண்ணைக் கொடுங்கள், அவருக்கும் உதவுகிறோம் என்று கேட்டார்களாம்.

"யாரோட நம்பரைக் குடுத்தீங்க?"

"மாமாவோடது," என்றான்.

அவளுடைய அப்பா. முப்பத்தைந்து வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கடைத்தெருவில் நரைத்த தலைகள்கூட அவரைப் பார்த்தால் 'கணக்கு சார்' என்று எழுந்து நிற்கும். காய்கறிக்காரரின் தராசையே நம்பாமல் கையில் தூக்கிப் பார்ப்பவர். அவரா?

போன் செய்தாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி செய்தாள். மூன்றாவது முறை எடுத்தவர், வங்கியில் இருக்கிறேன், டோக்கன் வரப்போகிறது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டார்.

பேருந்துக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. ஆட்டோ பிடித்தார்கள். வழியெல்லாம் ஒவ்வொரு சிவப்பு விளக்கும் அவர்களுக்காகவே எரிந்த மாதிரி இருந்தது. அவன் இரண்டு தடவை ஏதோ சொல்ல வந்தான். அவள் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

வங்கிக்குள் குளிராக இருந்தது. சுவரில் இருந்த பலகையில் சிவப்பு எழுத்தில் எண்பத்தேழு என்று ஓடியது. அப்பா கடைசி பெஞ்சில், சலவைச் சட்டையில், மடியில் பையோடு உட்கார்ந்திருந்தார். கையில் தொண்ணூறாம் எண் டோக்கன். ஆட்டத்தில் கட்டச் சொல்லிக் கோச்சுக்குப் பணம் அனுப்பும் படிவத்தை அச்சு மாதிரி கையெழுத்தில் நிரப்பி வைத்திருந்தார்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து தணிந்த குரலில் விஷயத்தைச் சொன்னாள். அவருக்குக் கோபம்தான் முதலில் வந்தது. நீ எனக்குப் பாடம் எடுக்கிறாயா என்று கேட்டார். மாப்பிள்ளை தலை குனிந்து நிற்பதைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி, கரும்பலகை முன்னால் நிற்பவர் போலவே விளக்கினார்.

"அஞ்சு ஆட்டம் சொன்னான், அஞ்சும் நடந்தது. குத்துமதிப்பா சொல்லி அஞ்சும் பலிக்கிறதுக்கு முப்பத்திரண்டுல ஒரு வாய்ப்புத்தான். நான் ஒண்ணும் கண்ணை மூடிட்டு நம்பலம்மா. கணக்குப் போட்டுத்தான் நம்பினேன்."

"இன்னிக்கு ஆட்டத்துக்கு என்ன சொல்லியிருக்கான்?"

"வெள்ளைச் சட்டை."

மெக்கானிக் சட்டென்று நிமிர்ந்தான். தன் போனைத் திறந்து மாமனாரின் போன் பக்கத்தில் பெஞ்சில் வைத்தான். ஒரே நாள், ஒரே நிமிடம், ஒரே வார்த்தைகள். அணிக்குள்ளிருந்து வந்த உறுதியான தகவல், நூற்றுக்கு நூறு. மாப்பிள்ளைக்கு வந்ததில் சிவப்பு ஜெயிக்கும். மாமனாருக்கு வந்ததில் வெள்ளை ஜெயிக்கும்.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். பலகையில் எண்பத்தெட்டு வந்தது. அவர் பேனாவை எடுத்தார். நிரப்பிய படிவத்தைக் கவிழ்த்து, அதன் முதுகில் எழுத ஆரம்பித்தார். அறுநூற்று நாற்பது பேர் என்று வைத்துக்கொள். பாதிப் பேருக்குச் சிவப்பு, பாதிப் பேருக்கு வெள்ளை. தப்பாகப் போனவர்களை விட்டுவிடு. முந்நூற்று இருபது. நூற்று அறுபது. எண்பது. நாற்பது. இருபது.

பேனா நின்றது.

"அஞ்சு ஆட்டம் முடிஞ்சதும் இருபது பேர் மிச்சம் இருப்பாங்க," என்றார், தனக்குத் தானே பேசுபவர் போல. "அந்த இருபது பேரும் என்னை மாதிரியே கணக்குப் போட்டிருப்பாங்க. கழிச்சுவிட்ட அறுநூத்தி இருபது பேரை நான் கணக்குல சேக்கவே இல்லையே."

எண்பத்தொன்பது. தொண்ணூறு. தொண்ணூறாம் எண் என்று கவுண்டரில் இருந்த பெண் இரண்டு முறை கூப்பிட்டாள். மூவரும் அசையவில்லை. பலகை தொண்ணூற்றொன்றுக்கு மாறியது. அப்பாவின் கை டோக்கனைக் கசக்கிக்கொண்டிருந்தது. அழுகிறாரோ என்று அவள் பயந்துபோய்க் குனிந்து பார்த்தாள். அழவில்லை.

"வெளியே சொல்லாதேம்மா," என்றார். "கணக்கு சார் ஏமாந்தார்னு சொல்வாங்க."

"நீங்க ஏமாறலப்பா. தொண்ணூறு தாண்டிடுச்சு, பாருங்க." அவள் அவர் கையிலிருந்து டோக்கனைப் பிரித்து எடுத்தாள். "ஆனா வெளியே சொல்லித்தான் ஆகணும். இவர் சொல்லாம இருந்ததாலதான் நீங்க இங்க உக்காந்திருக்கீங்க."

குட்டியைப் பள்ளியிலிருந்து அழைத்துப்போய் வகுப்புத் தோழியின் அம்மாவிடம் விட்டுவிட்டு, மூவரும் காவல் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தேகால். வாசலில் மெக்கானிக்கின் கால் நின்றுவிட்டது. உள்ளே போனால் என்னையே பிடித்து வைத்துவிட்டால், என்றான். அவளுக்கும் அந்தப் பயம் இல்லாமல் இல்லை. அவன் முழங்கையைப் பிடித்து உள்ளே நடத்திக்கொண்டு போனாள்.

இணைய மோசடிப் பிரிவில் இருந்த பெண் அதிகாரி எல்லாவற்றையும் குறுக்கே பேசாமல் கேட்டார். இரண்டு போன்களையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டார். விலைக்கு வாங்க எந்த ஆட்ட முடிவும் அவர்களிடம் இல்லை என்றும், இல்லாத ஒன்றை வாங்கியவர் ஏமாந்தவர்தான் என்றும் சொன்னார். அனுப்பிய பணத்தை நிறுத்தச் சொல்லி வங்கிக்கு உடனே எழுதுவதாகவும், திரும்ப வரும் என்று சத்தியம் செய்ய முடியாது என்றும் சொன்னார். இனி ஒரு காசுகூட அனுப்பக் கூடாது, எதையும் அழிக்கக் கூடாது. மெக்கானிக் புகாரில் கையெழுத்துப் போட்டபோது பேனா தாளைக் கிழித்தது.

ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அவளுடைய போன் அடித்தது. தெரியாத எண். அதிகாரி பதிவு செய்யும் கருவியை மேசை மேல் வைத்து, சத்தமாக வைத்துப் பேசச் சொன்னார்.

அதே மரியாதையான குரல். மேடம், இன்னும் பத்து நிமிடம்தான், அப்புறம் எங்கள் கையில் எதுவும் இல்லை என்றது. எதிரில் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"ஒரு விஷயம் கேக்கணும்," என்றாள். "சிவப்புன்னு எத்தனை பேருக்குச் சொன்னீங்க? வெள்ளைன்னு எத்தனை பேருக்குச் சொன்னீங்க?"

மறுமுனை அமைதியானது. அந்த அமைதிக்குப் பின்னால் வேறு குரல்கள் கேட்டன. ஆண்களும் பெண்களுமாக, ஒரு பெரிய அறையில் பலர் பேசுவது போல. உறுதியான தகவல் சார். நூற்றுக்கு நூறு சார். எல்லோரும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

வைத்துவிடுவான் என்று நினைத்தாள். வைக்கவில்லை. குரல் தாழ்ந்து, வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசுவது போல வந்தது. 'மேடம்' என்ற வார்த்தை போய்விட்டது.

"அக்கா, வைக்காதீங்க. காவலுக்கு இருக்கறவங்க அந்தப் பக்கம் போயிருக்காங்க, வந்துடுவாங்க. கம்ப்யூட்டர் வேலைன்னு சொல்லி வெளிநாட்டுக்குக் கூட்டிட்டு வந்தாங்கக்கா. பாஸ்போர்ட்டைப் பிடுங்கிட்டாங்க. கதவை வெளிய பூட்டியிருக்காங்க. பணம் வரலைன்னா அடிக்கறாங்க. எங்கம்மாவுக்கு நான் உயிரோட இருக்கேன்னு மட்டும் சொல்லுங்க. நம்பர் சொல்றேன்."

அவள் கை தானாகப் பேனாவைத் தேடியது. மெக்கானிக் அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"எழுதாதே. இதுவும் நடிப்பா இருக்கும்."

இருக்கலாம். இரண்டு மாதமாக நடிப்பைத் தவிர அந்தக் குரலில் வேறு எதுவும் இல்லை. ஆனால் அவள் தினமும் ஐம்பது பேருடைய பயத்தைக் கையில் பிடித்துப் பார்க்கிறவள். அதிகாரியைப் பார்த்தாள். அவர் ஒன்றும் பேசாமல் குறிப்பேட்டை அவள் பக்கம் தள்ளினார்.

கணவனின் விரல்களை விலக்கிவிட்டு எழுதினாள். ஒன்பது. நான்கு. நான்கு. ஒன்று. ஏழு. பூஜ்யம். ஆறு.

எங்கோ இரும்புக் கதவு இடித்துத் திறந்தது. அந்தக் குரல் ஒரு மூச்சில் பழையபடி உயர்ந்தது. "சிவப்புதான் சார், அணிக்குள்ள இருந்து வந்த தகவல் சார், நூத்துக்கு நூறு." அதற்குப் பின்னால் யாரோ அதட்டினார்கள். ஏதோ ஒன்று கீழே விழுந்தது. இணைப்பு அறுந்தது.

அவள் திரும்ப அழைத்தாள். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது.

குறிப்பேட்டில் ஏழு இலக்கங்கள் இருந்தன. இன்னும் மூன்று வேண்டும். நடிப்பாக இருந்தால் முழுசாகச் சொல்லியிருப்பானே என்றும் தோன்றியது, இப்படிப் பாதியில் நிறுத்துவதுதான் நடிப்போ என்றும் தோன்றியது. எதை நம்புவதற்கு அதிகம் பயப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மேசைக்கு அருகே வந்தார். குறிப்பேட்டைத் தன் பக்கம் திருப்பி அந்த ஏழு எண்களையும் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"மூணு இலக்கம்தானே," என்றார். "ஆயிரம் நம்பர்தாம்மா வரும். அதுல ஒண்ணுல ஒரு அம்மா இருப்பாங்க."

அதிகாரி அவரை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, மேசை மேல் இருந்த தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்தார்.